கர்சீப் போட்டவர் எங்கே?

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஊருக்குப் போகிற பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைகிறது. வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒரு கர்சீப் பறந்து போய் சீட்டில் விழுகிறது. அவ்வளவுதான், அந்த சீட் புக் ஆகிவிட்டது! எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். ஆனாலும் எல்லோரும் மதிக்கிறோம். இப்போது கர்சீப் போட்ட ஆசாமி மனசு மாறி, பின்னால் வந்த இன்னொரு பஸ்ஸில் ஏறிப் போயே போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்சீப் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. ‘ஆள் வருது போல’ என்று சுற்றி நிற்கிற இருபது பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டே வருகிறார்கள்.

கம்ப்யூட்டருக்குள் இந்தக் கூத்து தினமும் நடக்கிறது பாஸ். அங்கே கர்சீப்புக்குப் பெயர் லாக் ஃபைல்.

ஒரு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை எடுத்துக்கொள்வோம். டிபார்ட்மென்ட் மொட்டை மாடியில் ஒரு ராஸ்பெர்ரி பை, அதில் ஒரு வெப்பநிலை சென்சார். 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை ‘க்ரான்’ எழுப்பிவிட, ஒரு குட்டி ஷெல் ஸ்கிரிப்ட் எழுந்து சென்சாரைப் படிக்கும், ஒரு ஃபைலில் எழுதும், அந்த ஃபைலை சர்வருக்கு அனுப்பும், தூங்கப் போய்விடும். நெட் நன்றாக இருக்கிறவரை பிரச்னையில்லை. ஒருநாள் நெட் நொண்டியடித்து, அனுப்பி முடிக்கவே 7 நிமிஷம் ஆகிறது. அதற்குள் க்ரான் அடுத்த ஸ்கிரிப்ட்டைக் கிளப்பிவிடும். அதுக்கென்ன தெரியும்? இப்போது ஒரே ஃபைலில் இரண்டு பேர் கை வைக்கிறார்கள். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அதை சர்வருக்கு அள்ளிக்கொண்டு போகிறார். டேட்டா கந்தல்!

சரி, லாக் ஃபைல் வைப்போம். ஸ்கிரிப்ட் ஆரம்பிக்கும்போது ‘லாக்’ என்று ஒரு ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கணும். இருந்தால், அண்ணன் ஏற்கெனவே வேலையில் இருக்கார் என்று அர்த்தம், சத்தமில்லாமல் கிளம்பிடணும். இல்லையென்றால் தானே அதை உருவாக்கி, வேலையை முடித்து, கடைசி வரியில் அழிக்கணும். பத்து வரி கூட ஆகாது. ஓடுகிறது, கைதட்டல்.

அப்புறம் ஒருநாள் நடுவே கரன்ட் போகிறது. சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்போது. கடைசி வரிக்கு ஸ்கிரிப்ட் போய்ச் சேரவே இல்லை. லாக் ஃபைல் மெமரி கார்டில் பத்திரமாக இருக்கிறது. கரன்ட் வருகிறது, பை எழுந்துகொள்கிறது, க்ரான் ஸ்கிரிப்ட்டை எழுப்புகிறது. ஸ்கிரிப்ட் லாக்கைப் பார்க்கிறது, ‘அண்ணன் இருக்கார்’ என்று திரும்பிவிடுகிறது. 5 நிமிஷம் கழித்து மறுபடியும் அதே. ஒரு நாளைக்கு 288 தடவை. மூன்று வாரத்தில் 6048 தடவை! எங்கேயும் ஒரு எரர் மெசேஜ் கிடையாது. ஏனென்றால் ஸ்கிரிப்ட்டைப் பொறுத்தவரை எல்லாமே ஒழுங்காகத்தான் நடக்கிறது. கைடு மூன்று வார கிராஃபைக் கேட்கிற அன்றைக்குத்தான் விஷயமே வெளியில் வரும். போன மாச வெப்பநிலையை இப்போது போய் அளக்க முடியுமா?

இந்த வகைத் தவறில் எனக்குப் பிடிக்காத விஷயமே இதுதான். கிராஷ் ஆகிற ப்ரோக்ராமாவது கத்திவிட்டுச் சாகும். இது மரியாதையாக வேலைநிறுத்தம் செய்கிறது.

சாகும்போது ஒரு கடைசி வேலை

‘கடைசி வரியில் அழிப்பேன்’ என்பதுதான் இங்கே கோளாறு. கடைசி வரிக்குப் போகாமலே ஒரு ஸ்கிரிப்ட் முடிந்துபோக எத்தனையோ வழி இருக்கு. நீங்கள் கன்ட்ரோல்-சி அடிக்கலாம் (சிக்னல் நம்பர் 2). டெர்மினல் விண்டோவை மூடிவிடலாம் (1). சிஸ்டம் ஷட்டவுன் ஆகும்போது ‘கிளம்புப்பா’ என்று 15 வரலாம். நடுவில் ஒரு கமாண்ட் சொதப்பி ஸ்கிரிப்ட் பாதியிலேயே வெளியேறலாம்.

இதுக்காகவே ஷெல்லில் ‘ட்ராப்’ என்று ஒரு கமாண்ட் இருக்கிறது. புதுசு இல்லை, 1979-ல் வந்த யூனிக்ஸ் 7-ம் பதிப்பின் போர்ன் ஷெல்லிலேயே உண்டு. ‘நான் எப்படிப் போனாலும் சரி, போவதற்கு முன்னால் இதைச் செய்துவிட்டுப் போகிறேன்’ என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவது. ட்ராப் என்று போட்டு, மேற்கோள் குறிக்குள் லாக்கை அழிக்கிற கமாண்டை எழுதி, கடைசியில் ‘எக்ஸிட்’ என்று முடிக்க வேண்டும். ஒரே வரி.

ஒரே வரிதான்... ஆனால் அதை எங்கே வைக்கிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம். பலரும் சமர்த்தாக அதை ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் வைப்பார்கள். என்ன ஆகும் பாருங்கள். முதல் ஸ்கிரிப்ட் லாக் போட்டு வேலை செய்துகொண்டிருக்கிறது. இரண்டாவது ஸ்கிரிப்ட் வருகிறது. முதல் வரியிலேயே ‘போகும்போது லாக்கை அழிப்பேன்’ என்று சபதம் எடுத்துவிட்டது. அடுத்த வரியில் லாக்கைப் பார்க்கிறது, ‘சரி, போகலாம்’ என்று வெளியேறுகிறது. வெளியேறினால் ட்ராப் ஓடுமே! ஓடுகிறது. முதல் ஆளின் லாக்கை அழித்துவிட்டுப் போகிறது. மூன்றாவது ஸ்கிரிப்ட் வந்து பார்த்தால் களம் காலி. உள்ளே இரண்டு பேர். அடுத்தவர் போட்ட கர்சீப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டு போன கதை இது. ஆகவே லாக் நம் கைக்கு வந்த பிறகுதான் ட்ராப். ஒரு வரிகூட முன்னால் கூடாது.

இன்னொரு பொடி விஷயம். பாஷ் ஷெல்லில் எக்ஸிட் ட்ராப் வைத்தால் கன்ட்ரோல்-சி அடித்தாலும் அது ஓடும். ஆனால் உபுண்டுவில், 2006-ல் வந்த 6.10 பதிப்பிலிருந்து, ‘எஸ்.ஹெச்.’ என்று கூப்பிட்டால் வருவது பாஷ் அல்ல, டாஷ். டாஷ் சிக்னலில் செத்தால் எக்ஸிட் ட்ராப் ஓடாது. 1, 2, 15 மூன்றுக்கும் தனியாக ட்ராப் எழுதி, அதிலிருந்து முறையாக வெளியேற வைக்க வேண்டும். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் எந்த ஷெல் என்று இருக்கிறது என ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

பைத்தான் பார்ட்டிகளே, சிரிக்காதீங்க! கன்ட்ரோல்-சி அடித்தால் உங்கள் ‘ஃபைனலி’ பகுதி ஓடும், உண்மைதான். ஆனால் 15-ம் நம்பர் சிக்னல் வந்தால், நீங்களாக அதுக்கு ஒரு ஃபங்ஷன் எழுதி வைக்காதவரை, ஃபைனலியும் ஓடாது, ‘அட்-எக்ஸிட்’டும் ஓடாது.

லாக் போடுவதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ‘ஃபைல் இருக்கா?’ என்று பார்ப்பது ஒரு வேலை. ‘இல்லையா, உருவாக்கு’ என்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளியில் இரண்டு ஸ்கிரிப்ட்டும் ‘இல்லை’ என்று பார்த்துவிட்டால் இரண்டுமே உள்ளே போய்விடும். அதனால்தான் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் ஃபைலுக்குப் பதில் டைரக்டரி உருவாக்குவார்கள். ‘எம்.கே.டைர்’ கமாண்ட், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் தோற்றுவிடும், இல்லையென்றால் உருவாக்கும். பார்ப்பதும் செய்வதும் ஒரே மூச்சில். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் ஜெயிப்பது ஒருவர்தான்.

9-க்கு முன்னால் எல்லோரும் ஒன்று

ட்ராப் வைத்தாச்சு, டைரக்டரி வைத்தாச்சு. இப்போது யாராவது அந்த ஸ்கிரிப்ட்டை ‘கில் மைனஸ் 9’ போட்டுக் கொன்றால்? மெமரி தீர்ந்துபோய் லினக்ஸே அதைத் தீர்த்துக்கட்டினால்? அதுவும் அனுப்புவது 9-ம் நம்பர் சிக்னல்தான். 9 வந்தால் ப்ராசஸிடம் யாரும் கேட்க மாட்டார்கள். கெர்னல் நேரடியாக ஆளைத் தூக்கிவிடும். ட்ராப் ஓட அங்கே ஆளே இல்லை. நம்ம மொட்டை மாடி பை மாதிரி கரன்ட் போனாலும் இதே கதைதான்.

இதற்கு மோடம் காலத்திலேயே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். லாக் ஃபைலுக்குள் லாக் போட்டவரின் ப்ராசஸ் நம்பரை எழுதி வைப்பது. கர்சீப்பில் பேர் எழுதின மாதிரி. யூனிக்ஸில் மோடத்தைப் பங்குபோட்ட யூயூசிபி ப்ரோக்ராம்கள் வைத்த லாக் ஃபைலில் அந்த நம்பர் சரியாக 10 எழுத்து அகலத்தில், முன்னால் இடம் விட்டு, எழுதப்பட்டிருக்கும். லினக்ஸின் ஃபைல் அமைப்பு பற்றிய தர விதிகளில் டிவைஸ்களுக்கான லாக் ஃபைல் இப்படித்தான் இருக்கணும் என்று இன்னமும் எழுதியிருக்கிறது! 1230 என்றால் ஆறு இடைவெளி, நாலு எண், ஒரு வரி முடிவு. மொத்தம் 11 எழுத்து. படித்தபோது சிரிப்புதான் வந்தது.

அடுத்து வருகிற ஸ்கிரிப்ட் அந்த நம்பரை எடுத்து, ‘கில் மைனஸ் 0’ என்று கேட்கும். பேர்தான் கில், பூஜ்யம் போட்டால் யாரையும் கொல்லாது. ‘ஆள் உயிரோடு இருக்கா?’ என்று மட்டும் பார்க்கும். இல்லையென்றால் பழைய லாக், அழித்துவிட்டு நாம் போட்டுக்கொள்ளலாம்.

நல்ல ஐடியாதான். ஆனால் முழுசாக நம்பாதீர்கள். ப்ராசஸ் நம்பர்கள் சுற்றிச் சுற்றி வரும். லினக்ஸில் ரொம்ப காலம் 32768 வரைதான் உச்சவரம்பு. இப்போதைய 64 பிட் சிஸ்டங்கள் பலவற்றில் 40 லட்சத்தைத் தாண்டும். மெஷின் ரீபூட் ஆனால் எண்ணிக்கை மறுபடியும் முதலிலிருந்து. செத்துப்போன ஸ்கிரிப்ட்டின் 812-ம் நம்பர் இன்றைக்கு ஏதோ ஒரு ப்ளூடூத் சமாசாரத்துக்குப் போயிருக்கும். உங்கள் ஸ்கிரிப்ட் ‘812 உயிரோடதான் இருக்கு’ என்று திரும்பிவிடும்.

போதாததற்கு, பழைய லாக்கை இரண்டு ஸ்கிரிப்ட்டுகள் ஒரே சமயத்தில் கண்டுபிடித்தால்? ஒன்று அழித்துவிட்டுப் புது லாக் போடும். இன்னொன்று, பழசை அழிப்பதாக நினைத்து, இப்போதுதான் போட்ட புதுசை அழிக்கும். மறுபடி முதலிலிருந்து!

கர்சீப் வேண்டாம், உட்காருங்க

இத்தனை சர்க்கஸும் ஏன்? ஆள் ஒரு பக்கம், அடையாளம் ஒரு பக்கம் இருப்பதால். சீட்டில் ஆளே உட்கார்ந்துவிட்டால்? எழுந்தால் சீட் காலி, தனியாக எதையும் எடுக்கத் தேவையில்லை. இதைச் செய்வதுதான் ‘எஃப்-லாக்’. 1983-ல் பெர்க்லி யூனிக்ஸின் 4.2 பதிப்பில் வந்தது. லினக்ஸில் அதே பெயரில் ஒரு கமாண்டாகவும் கிடைக்கிறது. பெரும்பாலான மெஷின்களில் ஏற்கெனவே இருக்கும்.

இதில் லாக் என்பது ஃபைல் அல்ல. ஃபைல் சும்மா ஒரு இடம். ‘இந்த ஃபைலை இவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்’ என்கிற குறிப்பு கெர்னலின் மெமரியில் இருக்கிறது. ஃபைலைத் திறந்து வைத்திருக்கிற ப்ராசஸ் எப்படிச் செத்தாலும், 2-ல் செத்தாலும் 9-ல் செத்தாலும், அது திறந்து வைத்த ஃபைல்களையெல்லாம் கெர்னலே மூடிவிடும். மூடினால் லாக்கும் போச்சு. கரன்ட் போனால் கெர்னலே போச்சு, குறிப்பும் போச்சு. மெஷின் பூட் ஆகும்போது பூட்டு தானாகத் திறந்திருக்கும்!

நம்ம பை ஸ்கிரிப்ட்டுக்கு இதைச் சேர்க்க ஸ்கிரிப்ட்டைத் தொடவே வேண்டாம். க்ரான் வரியில் ஸ்கிரிப்ட்டின் பெயருக்கு முன்னால் எஃப்-லாக், மைனஸ் என், ஒரு லாக் ஃபைலின் பெயர் மூன்றையும் எழுதினால் போதும். மைனஸ் என் என்றால் ‘லாக் கிடைக்கலேன்னா காத்திருக்காதே, கிளம்பு’ என்று அர்த்தம். ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே வேண்டும் என்றால், லாக் ஃபைலை 9 மாதிரி ஒரு எண்ணில் திறந்து வைத்து, அந்த எண்ணை எஃப்-லாக்கிடம் கொடுக்கலாம். (இந்த 9 வேறு, அந்த 9 வேறு. குழம்பாதீங்க!)

வேலை முடிந்ததும் லாக் ஃபைலை அழிக்கலாமா? கூடாது. கை துறுதுறுக்கும், வேண்டாம். முதல் ஸ்கிரிப்ட் லாக்கோடு இருக்கும்போது இரண்டாவது அதே ஃபைலைத் திறந்து வரிசையில் காத்திருக்கலாம். முதலாவது முடிந்து ஃபைலை அழித்தால், இரண்டாவதுக்குக் கிடைப்பது பெயரே இல்லாத ஒரு ஃபைலின் மேல் லாக். மூன்றாவது வந்து அதே பெயரில் புது ஃபைல் உருவாக்கி அதன் மேல் லாக் வாங்கும். இரண்டு பேரும் ‘நான்தான் ராஜா’ என்பார்கள். பூஜ்யம் பைட் ஃபைல்தானே, கிடந்துவிட்டுப் போகட்டும்.

செத்தால்தான் லாக் விடும், தொங்கினால் விடாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். நெட்டுக்காக ஸ்கிரிப்ட் வாயைப் பிளந்துகொண்டு நாள் முழுக்க நின்றால் எஃப்-லாக்கால் ஒன்றும் செய்ய முடியாது. அதுக்கு ‘டைம்-அவுட்’ என்று தனி கமாண்ட் இருக்கிறது; அனுப்புகிற வரிக்கு முன்னால் அதைச் சேர்த்து, 4 நிமிஷம் என்று கெடு வையுங்கள். லேபில் உங்கள் ஹோம் டைரக்டரி நெட்வொர்க் வழியாக வருகிறது என்றால், லாக் ஃபைலை அங்கே வைக்காமல் அந்த மெஷினின் சொந்த டிஸ்க்கில் வையுங்கள். பைத்தானில் எஃப்-லாக் பயன்படுத்தினால், திறந்த ஃபைலை ப்ரோக்ராம் முடியும்வரை ஒரு வேரியபிளில் பிடித்து வைத்திருக்கணும். ஃபங்ஷன் முடிந்து வேரியபிள் காணாமல் போனால் ஃபைல் மூடிக்கொள்ளும், லாக்கும் சத்தமில்லாமல் கழன்றுவிடும்.

இந்த இரண்டு ரகத்துக்கும் வித்தியாசம் தெரிவது ஸ்கிரிப்ட் எழுதாதவர்களுக்கும் உதவும். உபுண்டுவில் ‘ஆப்ட்’ ஓட்டும்போது ‘லாக் கிடைக்கவில்லை’ என்று வரும். உடனே சீனியர் ஒருவர் வந்து, ‘அந்த லாக் ஃபைலை அழிச்சுடு மச்சி’ என்பார். அழிக்காதீங்க! ஆப்ட்டின் லாக் கெர்னல் பிடிக்கிற ரகம். யாருமே ஓட்டாதபோதும் அந்த ஃபைல் அங்கேயேதான் இருக்கும். லாக் கிடைக்கவில்லை என்றால் நிஜமாகவே யாரோ உள்ளே இருக்கிறார்கள். பெரும்பாலும் பின்னணியில் ஓடும் ஆட்டோமேட்டிக் அப்டேட். ஃபைலை அழித்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேக்கேஜ்களை நிறுவ இறங்குவார்கள், சிஸ்டம் அம்பேல். உள்ளே இருப்பவரின் ப்ராசஸ் நம்பரை இப்போதைய ஆப்ட் அந்த மெசேஜிலேயே சொல்கிறது. லாக் ஃபைலை அழிப்பது தீர்வல்ல என்றும் எச்சரிக்கிறது. டீ குடித்துவிட்டு வாருங்கள், முடிந்திருக்கும்.

‘கிட்’ பயன்படுத்தும்போது வருகிற ‘இண்டெக்ஸ் டாட் லாக்’ மெசேஜ் பார்ப்பதற்கு இதே மாதிரி இருக்கும். ஆனால் அது நேர் எதிர் ஜாதி, அசல் கர்சீப். ஃபைல் இருந்தால் லாக், இல்லையென்றால் இல்லை. உள்ளே ப்ராசஸ் நம்பரும் கிடையாது. புது இண்டெக்ஸை கிட் அந்த லாக் ஃபைலுக்குள்ளேயே எழுதி, முடிந்ததும் பெயரை மாற்றி பழைய இண்டெக்ஸின் இடத்தில் வைத்துவிடும். நடுவில் கரன்ட் போனால் அரைகுறை லாக் ஃபைல் மட்டும் அநாதையாக நிற்கும். இங்கே கையால் அழிப்பதுதான் சரியான வழி. ஒரே நிபந்தனை, வேறு கிட் எதுவும் ஓடவில்லை என்று முதலில் பார்த்துவிடுங்கள். நீங்கள் திறந்து வைத்திருக்கும் எடிட்டரே பின்னணியில் ஒரு கிட்டை ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

கடைசியாக ஒரு சின்ன டெஸ்ட். எஃப்-லாக் வாங்கிக்கொண்டு, ‘ஸ்லீப் 60’ என்று ஒரு நிமிஷம் தூங்குகிற ஒரு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். ஓட்டுங்கள். இன்னொரு டெர்மினலிலிருந்து ஸ்கிரிப்ட்டை மட்டும் ‘கில் மைனஸ் 9’ போடுங்கள். உடனே மறுபடியும் ஓட்டுங்கள். லாக் கிடைக்காது! ‘இவ்வளவு நேரம் கதை விட்டியே’ என்று திட்டாதீங்க. செத்தது ஸ்கிரிப்ட், அது பெற்றெடுத்த ஸ்லீப் இன்னும் உயிரோடு இருக்கிறது. அம்மா திறந்து வைத்த ஃபைல் பிள்ளைக்கும் சொத்தாகப் போயிருக்கிறது. 60 விநாடி முடிந்து ஸ்லீப் போனதும் மறுபடி ஓட்டிப் பாருங்கள், கிடைக்கும். ஸ்லீப்புக்குப் பதில் அங்கே இருப்பது சர்வருக்கு அனுப்புகிற கமாண்ட் என்றால், அம்மா செத்தாலும் பிள்ளை இன்னும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். அப்போது லாக் இருப்பதுதான் நமக்கும் வேண்டும். நாள் கணக்கில் ஓடப்போகிற சர்வர் எதையாவது ஸ்கிரிப்ட்டிலிருந்து கிளப்பிவிட்டால் மட்டும், கிளப்பும்போதே அந்த 9-ஐ மூடிக் கொடுத்து அனுப்புங்கள்.

அப்படியே, லாக் கிடைக்காமல் திரும்புகிற இடத்தில் தேதி, நேரத்தோடு ஒரு வரியை எங்கேயாவது எழுதி வைக்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை அந்த ஃபைலைத் திறந்து பார்க்க இரண்டு நிமிஷம் போதும்.